ஆணிகள் சாயும் பக்கம்

கம்பளத்தின் இழைகள் மறுபடியும் குளியலறைப் பக்கமாகப் படுத்துக் கிடந்தன.

காலையில்தான் அவன் மண்டியிட்டு, கையால் தடவித் தடவி, அவற்றைச் சரியான பக்கம் திருப்பிவிட்டிருந்தான். அந்த அறைக் கம்பளத்தின் இழைகள் ஜன்னலை நோக்கிச் சாய்பவை. நெய்யும்போதே வந்த சாய்வு; எத்தனை பேர் மிதித்தாலும் மாறாது. ஆனால் குளியலறை வாசலுக்கு முன்னால் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் அவை எதிர்ப்பக்கம் திரும்பி, ஈரக் கையால் வாரிவிட்ட தலைமுடி போல ஒழுங்காகப் படிந்திருந்தன. கனமான எதையாவது அறையிலிருந்து குளியலறைக்குள் இழுத்துக்கொண்டு போனால் அப்படித்தான் படியும். இழுக்கவும் ஆள் இல்லை, இழுபடவும் ஆள் இல்லை. வீட்டில் அவன் மட்டும்தான்.

"டைல்ஸ்காரன் வேலை," என்று வாய்விட்டுச் சொன்னான்.

டைல்ஸ்காரன் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்தே பல நாளாகிவிட்டது என்பது அவனுக்குத் தெரியும். இருந்தாலும் பழியைச் சுமத்த ஒரு தலை வேண்டியிருந்தது. அவனுக்குத் தெரிந்த தலைகளிலேயே மட்டமானது டைல்ஸ்காரனுடையது.

அவனுடைய தொழில் கம்பளம் போடுவது. தொழிலில் அவனை எல்லாரும் நொட்டை என்றே அழைத்தார்கள். அடுத்தவர் வேலையைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு நொட்டை சொல்லாமல் அவனால் மூச்சுவிட முடியாது என்பதால் வந்த பெயர். அவன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான். உலகத்தில் பாதிப் பேருக்கு வேலை தெரியாது, மீதிப் பேருக்குத் தங்களுக்கு வேலை தெரியாது என்பதே தெரியாது என்பது அவன் கண்டுபிடிப்பு. இந்த இரண்டு பாதியிலும் அவன் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை அவன் மனைவி வீட்டுக்கு வருவதாக இருந்தது. வருவாளா என்பது அந்த வாசலைப் பொறுத்தது.

மழைக்காலத் தொடக்கத்தில் அவள் விழுந்ததும் அங்கேதான். குளியலறைக்கும் அறைக்கும் நடுவே, தரை மாறுகிற இடத்தில். இடுப்பெலும்பு முறிந்தது. காலை யாரோ உள்ளே இழுத்ததாக அவள் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த எல்லாரிடமும், "அவளுக்குக் காலைத் தூக்கி வெச்சு நடக்கத் தெரியாது, அதான்," என்று இவன் சொன்னான். பக்கத்துப் படுக்கையில் கிடந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. குணமானதும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இனி அவளால் மாடி ஏற முடியாது. கீழறைதான், அதையொட்டிய குளியலறைதான். தரை ஒரே மட்டமாக இருக்கவேண்டும், பள்ளம் கூடாது, படி கூடாது, அவளுடைய வாக்கரின் சக்கரம் எங்கேயும் தட்டக் கூடாது என்று அண்ணன் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். மச்சான் தானே வந்து பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் வந்த வண்டியிலேயே அவளைத் திருப்பிக் கூட்டிப்போய்விடுவார். அவர் வீட்டில் அவளுக்கென ஓர் அறையை ஒழித்துவைத்தாகிவிட்டது. அங்கே ஒரு முறை நிரந்தரமாகப் பாய் விரித்துவிட்டால் அவள் திரும்பமாட்டாள். அதை நினைத்தால் அவனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ கழன்று விழுவது போலிருந்தது. அவள் இல்லாத வீட்டில் சோற்றில் உப்பு இல்லையென்று சொல்லக்கூட ஆள் இல்லை. உப்புப் போட மறந்தது இவனேதான்.

அதனால்தான் பழைய குளியலறையை உடைத்துப் புது டைல்ஸ் போடச் சொன்னான். டைல்ஸ்காரன் போட்டான். போட்டுவிட்டு, டைல்ஸ் முடிகிற இடத்துக்கும் கம்பளம் தொடங்குகிற இடத்துக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்குச் சிமெண்ட் தெரிய ஒரு இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போனான்.

ஆத்திரம் அடங்காமல் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"வேலையப் பாதில போட்டுட்டு ஓடுனவனுக்குச் சோறு இறங்குதா?"

"இறங்குதுண்ணே. இப்பத்தான் இறங்குது."

"டைல்ஸ் விளிம்பு தூக்கிக்கிட்டு நிக்குது. தெரியுமா?"

"நான் போட்டப்ப தூக்கலண்ணே."

"அப்ப அதுவா எந்திரிச்சு உக்காந்துக்கிச்சா?"

"ரசமட்டம் வெச்சுப் பாத்தீங்களா?" என்றான் டைல்ஸ்காரன்.

"எனக்கு எதுக்கு ரசமட்டம்? கண்ணு இருக்கு."

"தண்ணி போற ஓட்டையப் பாத்துதான் சரிவு குடுத்துப் போட்டேன். முடிச்சுட்டு ஒரு வாளி தண்ணி ஊத்துனேன். அது ஓட்டைக்குப் போகல, பின்னாடிச் சுவத்துக்குப் போச்சு. உடைச்சு மறுபடி போட்டேன். மறுபடியும் அங்கதான் போச்சு. போயி அங்க தேங்கவும் இல்லண்ணே."

"தேங்கலன்னா?"

"தேங்கல. அவ்வளவுதான்."

"சரிவு குடுக்கத் தெரியாதவன் இப்படியும் ஒரு கதை கட்டலாம்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சு. உன் வாளி, கரண்டி எல்லாம் உள்ளதான் கிடக்கு. அத எடுக்கவாவது வருவியா?"

"நீங்களே வெச்சுக்கங்கண்ணே." கூடவே, "அண்ணி வந்துட்டாங்களா?" என்று கேட்டான்.

"சாயங்காலம் வர்றா."

டைல்ஸ்காரன் இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு நொட்டை குளியலறைக்குள் எட்டிப் பார்த்தான். புதுச் சிமெண்டின் குளிர்ந்த வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடை, நீண்ட நாள் திறக்காத பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அதுபோல. டைல்ஸ்காரனுடைய வாளியும் கரண்டியும் பஞ்சும் பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்று, முண்டியடித்துக்கொண்டு. பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டம் மாதிரி. சாமானை ஒழுங்காக வைக்கக்கூடத் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததும் மனம் கொஞ்சம் ஆறியது.

வேலையைத் தொடங்கினான்.

அந்தக் கம்பளம் அவன் போட்டதல்ல, வீட்டோடு வந்தது. நல்ல கம்பளம் என்பதால் மாற்றாமல் விட்டிருந்தான். அதன் விளிம்பைக் குறட்டால் பிடித்துத் தூக்கினான். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். பொறுமையிழந்து, வாசல் நெடுகக் கத்தியைவிட்டு அறுத்துத் தூக்கிப் பார்த்தான்.

பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

கம்பளத்தைத் தரையில் பிடித்துவைப்பது பசையல்ல, ஆணிப்பட்டை. நீளமான மெல்லிய மரச்சட்டம். அதன் முதுகெல்லாம் பூனை நகம் போலச் சாய்ந்த சின்னச் சின்ன ஆணிகள். சுவரோரத்திலும் வாசல் விளிம்பிலும் அதை அடிப்பார்கள். ஆணிகள் எப்போதும் அறையைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கவேண்டும். இழுத்துக் கட்டிய கம்பளம் அறையின் நடுவை நோக்கிச் சுருங்கப் பார்க்கும், எதிர்ப்பக்கம் சாய்ந்த ஆணிகள் அதைக் கொக்கிபோல் பிடித்துக்கொள்ளும். தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. இங்கே அடித்தவனுக்கு அந்த முதல் நாளே வாய்க்கவில்லை போலிருக்கிறது. ஆணிகள் எல்லாம் அறைக்குள்ளே சாய்ந்திருந்தன. ஒரு பட்டை அல்ல, ஒன்றையொட்டி ஒன்றாக மூன்று பட்டைகள். மூன்றும் தலைகீழாக. தரையோடு அவற்றை அறைந்திருந்த பெரிய ஆணிகளோ, சவப்பெட்டியை மூடுகிறவன்கூட அத்தனை அடித்திருக்கமாட்டான்.

"அடேயப்பா," என்றான் நொட்டை. "முட்டாளா இருந்தாலும் உழைப்பாளியா இருந்திருக்கான்."

குளியலறைப் பக்கம் கம்பளம் நழுவினால் மட்டுமே இந்த ஆணிகளால் பிடிக்க முடியும். கம்பளம் எதற்குக் குளியலறைக்குள் நழுவப்போகிறது? அந்தக் கேள்வி அவன் மனத்தில் எழுந்தது உண்மைதான். ஆனால் முட்டாள்கள் செய்வதற்கெல்லாம் காரணம் தேடுவது அவன் வழக்கமில்லை.

நெம்பியை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஆணிகள் கத்திக்கொண்டே வந்தன. சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. மூன்றாவது பட்டையின் கடைசி ஆணி வெளியே வந்தபோது, குளியலறைக்குள் ஏதோ தளர்ந்தது. சத்தம் என்று சொல்லமுடியாது. நெடுநேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த ஒருவர் அதை மெல்ல விடும்போது, பக்கத்தில் இருப்பவருக்குக் காதில் விழாமலே தெரியுமே, அந்த மாதிரி. காற்று அவன் பிடரியைத் தாண்டி உள்ளே போனது. அறையின் ஜன்னல் மூடித்தான் இருந்தது.

அவன் கொஞ்ச நேரம் நெம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். வெளியே தெருவில் ஒரு வண்டி போனது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பிறகு ஒன்றுமில்லை.

புதுப் பட்டையை எடுத்து, ஆணிகள் குளியலறைப் பக்கம் சாய, முறைப்படி அடித்தான்.

அடுத்தது கம்பளத்தை இழுத்துக் கட்டுவது. அதற்கென்று ஒரு கருவி உண்டு. பற்களால் கம்பளத்தைக் கவ்விக்கொள்ளும், பின்னால் இருக்கும் திண்டை முழங்காலால் உதைக்கவேண்டும். உதைத்து உதைத்தே அவன் வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. கம்பளம் எளிதில் அசைந்து கொடுக்காது, அதுவும் பழைய கம்பளம். ஒவ்வொரு உதைக்கும் ஒரு நூல் அளவு வந்தால் பெரிது. கருவியை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தான்.

கம்பளம் தானாக எழுந்து வருவதுபோல் வந்தது. ஆணிகளைத் தாண்டி, டைல்ஸ் மேல் ஒரு சாண் அளவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. உதைத்த முழங்காலுக்கு எதிர்ப்பே கிடைக்காமல் அவன் முகங்குப்புற விழப் பார்த்தான்.

மறுபக்கத்திலிருந்து யாரோ கை கொடுத்தது போல.

மிஞ்சியதை டைல்ஸ் விளிம்போடு நறுக்கினான். இரண்டுக்கும் மேல் பூட்டவேண்டிய அலுமினியப் பட்டையை எடுத்துவரக் கூடத்துக்குப் போனான். திரும்பி வந்தபோது கம்பளம் டைல்ஸ் மேல் ஒரு விரல் அளவு ஏறியிருந்தது.

சரியாக வெட்டவில்லையோ?

தன் வேலையைப் பற்றி அவனுக்கு அப்படியொரு சந்தேகம் வந்தது அதுவே முதல் தடவை. உடனே அதைக் கத்தி செய்த கம்பெனிக்காரன் தலையில் தூக்கிப் போட்டான். புது அலகு மாற்றி மறுபடி நறுக்கினான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு டிரில்லை எடுத்தான். மறுபடியும் ஒரு விரல்.

நறுக்கினான். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்தபோது எதுவும் அசையவில்லை. கடிகாரத்தின் சின்ன முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். பக்கத்தில், நறுக்கிப் போட்ட கம்பளத் துண்டுகள் உரித்த தோல்போலச் சுருண்டு சேர்ந்துகொண்டிருந்தன.

துண்டுகள் இத்தனை சேர்ந்தால், அந்த அளவுக்கு வேறெங்கோ குறையவேண்டும்.

எழுந்து ஜன்னல் பக்கத்துச் சுவருக்குப் போனான். அங்கே கம்பளம் சுவரைவிட்டு விலகியிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு வெறும் சிமெண்ட். சுவரோரத்துப் பழைய ஆணிகள் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் பிய்ந்த இழை ஒரு கொத்து. அவளுக்காகக் கொண்டுவந்து, தலைமாடு சுவரில் ஒட்டும்படி போட்டிருந்த ஒடுக்கமான ஒற்றைக் கட்டில், இப்போது சுவருக்கும் தனக்கும் நடுவே அதே உள்ளங்கை அகல இடம் விட்டு நின்றது. அவன் அதைத் தொடவேயில்லை.

குளியலறையைத் திரும்பிப் பார்த்தான். பின்சுவரடியில் வாளி இல்லை. கரண்டி இல்லை. பஞ்சு இல்லை. சுவர் மட்டும் இருந்தது, வெள்ளை டைல்ஸோடு, சுத்தமாக.

தெருவாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று முதலில் காதைத் தீட்டிக்கொண்டான். மற்றதையெல்லாம் பிறகு யோசிக்கலாம். மச்சான் இதைப் பார்த்தால் போதும், ஒரு வார்த்தை பேசமாட்டார். வண்டியைத் திருப்பிவிடுவார். அவள் வண்டி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போய்விடுவாள்.

கட்டிலைத் தள்ளி அந்த வெறும் சிமெண்டை மறைத்தான். அலுமினியப் பட்டையை வாசலில் வைத்து, இருந்த திருகாணிகள் மொத்தத்தையும் தரைக்குள் இறக்கினான். கடைசித் திருகாணி இறுகியதும் கம்பளம் நின்றுவிட்டது. விரலை வைத்துப் பார்த்தான். நின்றேவிட்டது. ஒரு பக்கம் டைல்ஸ், ஒரு பக்கம் கம்பளம், நடுவே வெள்ளிக்கோடு. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியாது. அப்படியொரு மட்டம் அவனுக்கே அதுவரை வாய்த்ததில்லை.

"உலோகத்துக்கு முன்னால எதுவும் நிக்காது," என்று குளியலறையைப் பார்த்துச் சொன்னான். யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது வண்டி வந்தது. மச்சான் மருந்துக்கடை வைத்திருப்பவர். எதையும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவார். தங்கையைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, நேராகக் குளியலறை வாசலுக்குப் போய்க் குனிந்தார்.

"என்ன மாப்ள, நீங்க பண்ணுனதா, ஆள் வெச்சுப் பண்ணுனதா?"

"இந்த ஊருல ஆள் எங்க இருக்கு மச்சான்? எல்லாம் ஆள் மாதிரி நடிக்கிறவனுங்க."

மச்சான் வாக்கரைத் தள்ளிப் பார்த்தார். சக்கரங்கள் சத்தமே இல்லாமல் பட்டையைக் கடந்து குளியலறைக்குள் போயின. அவர் கையைவிட்டு நழுவப் பார்க்க, எட்டிப் பிடித்துக்கொண்டார். திருப்பி இழுத்தபோது வரவில்லை. பலமாக இழுத்தார்.

"என்ன இது, பிடிக்குது?"

நொட்டைக்கு உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள், முகம் இளைத்து, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு. திரும்பி வந்துவிட்டவள்.

"புதுசா இழுத்துக் கட்டுன விளிம்பு மச்சான். ரெண்டு நாள் மிதிச்சா படிஞ்சிடும். கார்ப்பெட் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? மாத்திரைய எண்ணிப் போடுறவங்க."

மச்சான் இன்னொரு இழுப்பு இழுத்து வாக்கரை வெளியே கொண்டுவந்தார். கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தினார். "உங்க வேலையில நொட்டை சொல்லணும்னு வழியெல்லாம் ஆசையா வந்தேன் மாப்ள. ஒண்ணும் கிடைக்கலயே," என்றார். தங்கையின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

அவள் அவ்வளவு நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க உள்ள போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"எத்தன தடவ."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பட்டையைப் பூட்டிய பிறகு அவன் ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை. எல்லா வேலையையும் இந்தப் பக்கமிருந்தே செய்திருந்தான்.

"எனக்கு முன்னால ஒரு தடவ போயிட்டு வாங்க. நான் பாக்கணும்."

"ஏன், உள்ள என்ன புலியா இருக்கு?"

"போயிட்டு வாங்களேன். கேட்டா செய்யமாட்டீங்களா?"

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. போவானா மாட்டானா என்று மட்டும் பார்ப்பவள் போலிருந்தாள். போகாவிட்டால் நாளைக் காலையிலேயே அண்ணனைக் கூப்பிடுவாள். அவன் எழுந்தான். பயத்தை அவளுக்குக் காட்டாமலிருக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டான். இல்லாத வாக்கரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இடுப்பை ஒடித்து, காலைத் தேய்த்துத் தேய்த்து, வாயைக் கோணிக்கொண்டு, அவளைப் போலவே நடந்தான்.

அவள் முகம் முதலில் சுருங்கியது. பிறகு, எத்தனையோ நாளுக்குப் பிறகு, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க வாய்க்கும் காலுக்கும் ஒரு நாள் நல்லா இருக்கு," என்றாள்.

அப்படியே நடந்து பட்டையைக் கடந்தான். வெறுங்காலில் எதுவும் தட்டவில்லை. கடந்ததே தெரியவில்லை. பாதத்துக்கடியில் டைல்ஸ் சில்லென்றிருந்தது. தரை லேசாகப் பின்சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தது. மாடிப்படியின் கடைசிப் படி இன்னும் இருக்கிறதென்று நினைத்துக் கால் வைத்தவன் போல உடம்பு ஒரு கணம் தடுமாறியது. அறையை நோக்கித் திரும்பிக்கொண்டான்; அந்த மூடிக்கிடந்த வாடை இப்போது பலமாக, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்துக்க," என்றான். "புலியுமில்ல, பூனையுமில்ல."

வெளியே வரக் காலெடுத்து வைத்தான். கால் கம்பளத்தில் பட்டது. மறுகாலையும் வைத்தான். இழைகள் பாதத்துக்கடியில் குத்திட்டு நின்றன. ஓரடி. இன்னோரடி. வாசல் நிலை தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்னோரடி. அப்போதும் தோளுக்குப் பக்கத்திலேயே.

"போதும் போதும்," என்று அவள் சிரித்தாள். "சிரிச்சா இடுப்பு வலிக்குது எனக்கு."

அவன் வேகமாக நடந்தான். பட்டைக்கடியில் மெல்லிய உரசல் சத்தம். துணிக்கடையில் துணியை உருட்டி உருட்டிப் போடுவார்களே, அந்தச் சத்தம். அவன் நடக்க நடக்கக் கம்பளம் அவனுக்குக் கீழே வந்துகொண்டேயிருந்தது. கூடவே வாக்கர் வந்தது. அதற்குப் பின்னால் கட்டில்.

"என்னங்க," என்றாள் அவள். சிரிப்பு இன்னும் முகத்தில் முழுதாக வடியவில்லை. "பழிச்சுக் காட்டுனது போதும். ஏன் நின்ன எடத்துலயே நடக்குறீங்க?"

அவன் நின்றான்.

கட்டில் நிற்கவில்லை.

"இறங்கு," என்றான். "கட்டில விட்டு இறங்கு. அந்தப் பக்கம் விழு. விழுந்துடு."

"விளையாடாதீங்க," என்றாள். "என்னால எப்படி இறங்க முடியும்?" அவன் எப்போது விளையாடுவான், எப்போது விளையாடமாட்டான் என்று அவளுக்கு இத்தனை காலத்தில் ஒரு தடவைகூடப் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. அந்த வாய்ப்பை அவன் அவளுக்குக் கொடுத்ததில்லை.

வாக்கர் அவன் இடுப்பை உரசிக்கொண்டு உள்ளே போனது. அது பின்சுவரில் மோதும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

மோதவில்லை.

குனிந்து பட்டையின் விளிம்பைத் தேடினான். பிடுங்கவேண்டும். எப்படியாவது பிடுங்கவேண்டும். நகத்தால் துழாவினான். நகம் நுழைய இடமில்லை. ஒரு மயிரிழை இடமில்லை. நகம் பிய்ந்தது. திருகாணித் தலைகள் தரைக்குள் புதைந்து, வழவழவென்று, கைக்குச் சிக்காமல்.

கட்டில் வந்துவிட்டது.

ஒடுக்கமான கட்டில். வாசலில் தாராளமாக நுழைந்தது. முன்கால்கள் இரண்டும் பட்டையைக் கடந்தபோது ஒரு குலுக்கல்கூட இல்லை. அவன் கால்மாட்டுச் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, உடம்பின் பலமெல்லாம் சேர்த்து அறைக்குள் தள்ளினான். பாதங்கள் டைல்ஸ் மேல் வழுக்கின. மெதுவாக. பின்னால். இன்னும் பின்னால். சுவர் முதுகில் இடிக்கவேண்டிய இடம் வந்தது. போனது.

அவள் கத்தவில்லை. அவனைப் பார்க்கவுமில்லை. அவன் தோளுக்கு மேலாக, அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குளியலறையின் கூரை கைக்கெட்டும் உயரம்தான். அவள் முகம் மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. கண்கள் கூரை இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டி, இன்னும் மேலே, இன்னும் மேலே, ஏறிக்கொண்டேயிருந்தன.